குழந்தையைக் கேலி செய்யாதீர்கள்; வீட்டை மாற்றுங்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் மளிகை வணிகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கடையை அடைத்துவிட்டு, நாள் முழுக்க நின்ற கால் வலியோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். கல்வி, தொழில், உரிமை என்று இந்த மேடையில் நாம் பேசாத பொருள் இல்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் உடல் எடையைப் பற்றி இதுவரை பேசியதில்லை. தலைப்பை அறிவித்தபோதே உங்களில் சிலர் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்திருக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். முப்பது வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவன். மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதையும், என் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் உங்கள் முன் வைக்கிறேன். என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வீட்டில் நடந்தது

என் இளைய மகனுக்கு அப்போது பதினொரு வயது. நான் கடையை அடைத்து வீடு திரும்ப இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். பகலெல்லாம் பிள்ளையின் முகம் பார்க்காத ஏக்கம். வரும் வழியில் பரோட்டா, சால்னா, சில நாள் பிரைடு ரைஸ் என்று ஒரு பார்சல் வாங்கி வருவேன். தூங்குகிறவனை எழுப்பி, பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டிவிடுவேன். அவன் எட்டு மணிக்கே சாப்பிட்டிருப்பான். இருந்தாலும் அத்தாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கிடைத்த நேரம் அதுதான் என்பதால் கண்ணைக் கசக்கிக்கொண்டே சாப்பிடுவான். என் தாயாரும், "வளர்ற புள்ள, சாப்பிடட்டும்" என்பார்கள். இதுதான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பக்கம் இப்படி ஊட்டிவிட்டு, மறுபக்கம் நான் செய்தது என்ன தெரியுமா? அவன் கடைக்கு வந்தால், "வாடா குண்டா!" என்பேன். நின்றிருக்கும் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். ஒருநாள், "இவனை அரிசி மூட்டைக்குப் பக்கத்துல நிறுத்துனா வித்தியாசம் தெரியாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனும் சிரித்ததால் அவனுக்கு வலிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சில மாதங்களில் அவனுக்கு அடிக்கடி வயிற்று வலி வரத் தொடங்கியது. மருத்துவரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். பிறகுதான் கவனித்தோம், விளையாட்டு வகுப்பு இருக்கும் நாள்களில்தான் அந்த வலி வருகிறது. அதே சமயத்தில் என் குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் காலி பாக்கெட்டுகள் கிடந்தன. பிஸ்கட், சிப்ஸ், கேக் என்று இருபது, முப்பது உறைகள். திருட்டுத்தனமாகத் தின்கிறானே என்ற கோபத்தில் அவனை அழைத்துக் கையை ஓங்கினேன். அவன் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஸ்கூல்ல எல்லாரும் குண்டான்னு கூப்பிடுறாங்க. கடையில நீங்களும் அப்படித்தானே கூப்பிடுறீங்க அத்தா? நான் எங்கதான் போறது?"

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. சகோதரர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோது தெரிந்துகொண்டவைதான் இனி நான் சொல்லப் போகிறவை.

இது ஒரு வீட்டுக் கதையா?

இது பணக்கார நாடுகளின் நோய், நமக்கு என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. 2024-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் உலக அளவிலான கணக்கெடுப்பு ஒன்று வெளியானது. அதன்படி இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-இல் 4 லட்சம் பேர். 2022-இல் 1 கோடியே 25 லட்சம் பேர்! ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெப் 2025 செப்டம்பரில் மற்றொரு செய்தியை வெளியிட்டது. உலகில் பள்ளி வயதுப் பிள்ளைகளிடையே எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம். வரலாற்றில் முதல் முறையாக மெலிந்த பிள்ளைகளைவிடப் பருத்த பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள்.

நம் சென்னையிலும் இது புதிதன்று. பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் அதிக எடை உடையவராக இருந்தார். வசதியான குடும்பங்களிலும், உடலுழைப்பும் விளையாட்டும் குறைந்த பிள்ளைகளிடமும் இது கூடுதலாகத் தெரிந்தது. இன்று ஐந்து ரூபாய்ப் பாக்கெட் எட்டாத தெரு இல்லை. ஆகவே வசதி குறைந்த வீடுகளுக்கும் இது வந்து சேர்ந்துவிட்டது.

இந்தியர்களாகிய நமக்குக் கூடுதல் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் பல ஆண்டுகளாகத் தாய்மார்களையும் குழந்தைகளையும் ஆராய்ந்து வருகிறார்கள். இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் நம் குழந்தைகள் பிறக்கும்போது எடை குறைவாக இருக்கின்றன. ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு குறைவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்புச் சேரும் உடல்வாகு நம்முடையது. அதனால்தான் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட நமக்கு இளம் வயதிலேயே வந்து நிற்கிறது. நம் கடைத்தெருவில் மதியம் மாத்திரை போடாத முதலாளி எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள்!

கேலியால் எடை குறையுமா?

"நாலு பேர் முன்னால சொன்னாத்தான் ரோஷம் வந்து குறைப்பான்" என்று நம்மில் பலர் நம்புகிறோம். நானும் நம்பியவன்தான். உண்மை நேர்மாறாக இருக்கிறது.

1961-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் எந்தக் குறையும் இல்லாத குழந்தை. மற்றவற்றில் ஊன்றுகோலோடு ஒரு குழந்தை, சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை, ஒரு கை இல்லாத குழந்தை, முகத்தில் குறையுள்ள குழந்தை, பருமனான குழந்தை. யாரை உங்களுக்கு அதிகம் பிடிக்கும், வரிசையாகச் சொல்லுங்கள் என்றார்கள். பருமனான குழந்தை கடைசி இடத்துக்குப் போனது. நாற்பது ஆண்டுகள் கழித்து இதே சோதனையை மீண்டும் செய்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். பருமனான பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகிவிட்ட காலம் அது. மனம் இளகியிருக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? வெறுப்பு முன்னைவிட அதிகமாகியிருந்தது!

அதே 2003-இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில், மிகுந்த உடல் பருமன் உள்ள 106 பிள்ளைகளிடம் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று மருத்துவர்கள் கேட்டறிந்தார்கள். நடப்பது, விளையாடுவது, நண்பர்கள், பள்ளி, மன நிலை எல்லாவற்றையும் கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதில்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பதில்களோடு ஒத்திருந்தன. புற்றுநோய் வந்த குழந்தையைப் பார்த்து நாம் சிரிப்போமா? கண் கலங்குவோம். இந்தக் குழந்தையைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்கிறோம்?

சிரிப்புக்குப் பின்னால் நடப்பது இதுதான். அவமானப்பட்ட பிள்ளை மைதானத்துக்குப் போக வெட்கப்படுகிறது. ஓடினால் உடம்பு குலுங்கும், பார்த்துச் சிரிப்பார்கள் என்று அறைக்குள் அடைந்துகொள்கிறது. தனிமையில் துக்கம் வருகிறது; துக்கத்தில் கை உணவைத் தேடுகிறது. தின்ற பிறகு குற்ற உணர்ச்சி வருகிறது. அதை மறக்க மறுபடியும் தின்கிறது. என் குடோனில் கிடந்த உறைகளுக்கு இதுதான் காரணம். அதைத் திருட்டு என்று நினைத்தேனே!

பெற்றோர் பேசும் பேச்சையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். "நீ குண்டாகிவிட்டாய், எடையைக் குறை" என்று உடம்பைப் பற்றியே பேசும் வீடுகளில் வளரிளம் பிள்ளைகள் பட்டினி கிடப்பது, பிறகு அடக்க முடியாமல் தின்பது போன்ற தீங்கான பழக்கங்களில் அதிகம் விழுந்தார்கள். உடம்பைப் பேசாமல் நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் இந்தத் தீங்கு குறைவாக இருந்தது.

உடம்பு ஏன் பெருக்கிறது?

வியாபாரிகளாகிய நமக்கு வரவு செலவு தெரியும். உணவு வரவு, உழைப்பு செலவு, மிச்சம் கொழுப்பு. அடிப்படையில் இது சரிதான். ஆனால் உடம்பின் கணக்கு அவ்வளவு நேரான கணக்கும் இல்லை. ஒரே சட்டியில் சாப்பிடும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று மெலிந்தும் ஒன்று பருத்தும் இருப்பதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. பசியின் அளவும், வயிறு நிறைந்தது என்ற உணர்வும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பருத்த பிள்ளை என்றால் பேராசைக்காரன், சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

தூக்கமும் ஒரு காரணம் என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது; இனிப்பையும் வறுத்ததையும் மனம் கேட்கிறது. நடு இரவில் பிள்ளையை எழுப்பி ஊட்டிய நான் இரட்டைத் தவறு செய்திருக்கிறேன். செல்போனைப் பார்த்தபடி பன்னிரண்டு மணிவரை விழித்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

அடுத்தது பானங்கள். 300 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஆறு, ஏழு தேக்கரண்டி. இரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை ஒரு நாளில் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-இல் சொன்னது. ஒரே பாட்டிலில் அந்த நாளின் கணக்குத் தாண்டிவிடுகிறது. நம் கல்யாண வீட்டுப் பந்தியைப் பாருங்கள். பிரியாணி, தால்சா, இனிப்பு, அதன்மேல் ஒரு பாட்டில். பிள்ளை வேண்டாம் என்றாலும், "குடிடா, செரிக்கும்" என்று நாமே திறந்து கொடுக்கிறோம்.

நம் கடைகளில் என்ன நடக்கிறது?

வணிகப் பெருமக்களே! இப்போது சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும். நானும் உங்களில் ஒருவன் என்பதால் சொல்கிறேன்.

கடை வாசலில் சரம் சரமாகப் பாக்கெட்டுகளைத் தொங்கவிடுகிறோமே, எந்த உயரத்தில் தொங்கவிடுகிறோம்? குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் உயரத்தில். கம்பெனிக்காரர் ஸ்டாண்டு கொடுக்கிறார், பிரிட்ஜ் கொடுக்கிறார், ஸ்கீம் கொடுக்கிறார். எங்கே வைக்க வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். நாம் சரி என்கிறோம். சில்லறை இல்லாவிட்டால் மிட்டாயைக் கொடுத்து அனுப்புகிறோம். அரிசி, பருப்பில் கிடைக்காத லாபம் இதில் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சரத்துக்குக் கீழே முதலில் நிற்பது நம் சொந்தப் பிள்ளை அல்லவா? என் மகனுக்குக் குடோனே திறந்து கிடந்தது!

சட்டமும் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் விதிமுறை வெளியிட்டது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதிகாரி வந்து சொல்லும்வரை காத்திருக்காமல் நாமே நடந்து காட்டினால் அது நம் கண்ணியம்.

கடையை மூடச் சொல்லவில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். சரங்களை வாசலிலிருந்து எடுத்து உள்ளே, பெரியவர் கை எட்டும் உயரத்தில் மாட்டினேன். வாசலில் கடலை உருண்டை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வாழைப்பழத் தார் வைத்தேன். சில்லறைக்கு மிட்டாய் கொடுப்பதை நிறுத்தினேன். முதல் இரண்டு மாதம் வியாபாரம் குறைந்தது, மறைக்க மாட்டேன். பிறகு தாய்மார்கள், "உங்க கடைக்குப் புள்ளைய அனுப்பினா பயமில்ல பாய்" என்று சொல்லத் தொடங்கினார்கள். போன வியாபாரம் முழுவதும் திரும்பி வரவில்லை. ஆனால் நான் கடை நடத்த முடியாமல் போகவும் இல்லை.

பெண் பிள்ளைகள் படும் பாடு

ஆண் பிள்ளைக்குக் கேலி தெருவில். பெண் பிள்ளைக்குக் கேலி வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பார்த்து, "இப்படி ஊதினா நாளைக்கு யாரு கட்டுவா?" என்று சொந்தப் பெரியம்மாவே கேட்கிறார். அந்தக் குழந்தை சரியாகச் சாப்பிடுவதை நிறுத்துகிறது. தலை சுற்றி விழுகிறது. "சொன்னது நல்லதுக்குத்தானே" என்கிறோம்.

அதே சிறுமி பெரியவளானதும் அவளுடைய சைக்கிள் எங்கே போகிறது? அண்ணனுக்கோ தம்பிக்கோ போய்விடுகிறது. வாசலுக்கு வராதே, ஓடாதே, சத்தமாகச் சிரிக்காதே என்கிறோம். ஓடியாடிய பிள்ளையை ஒரே நாளில் உட்கார வைத்துவிட்டு, பிறகு ஏன் பருத்தாய் என்று அவளையே கேட்கிறோம். இது நியாயமா? 5 முதல் 17 வயதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுதான், சராசரியாகத் தினம் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. மொட்டை மாடி இல்லையா? கயிறு தாண்ட இடம் இல்லையா? விடிகாலையில் தாயும் மகளும் சேர்ந்து நடக்கத் தெரு இல்லையா? நம் கல்யாண மண்டபங்கள் வாரத்தில் எத்தனை நாள் காலியாகக் கிடக்கின்றன! மாலையில் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகள் மட்டும் விளையாடத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

மருத்துவர் சொன்ன வழி

என் மகனைக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். "எத்தனை கிலோ குறைக்கணும் டாக்டர்?" என்பதுதான் என் முதல் கேள்வி. "ஒரு கிலோவும் குறைக்க வேண்டாம். எடை அப்படியே நிற்கட்டும், உயரம் வளரட்டும். வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்" என்றார். மிக அதிகப் பருமன் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் மருத்துவர் மேற்பார்வையில் வேறு சிகிச்சை தேவைப்படலாம் என்றும் சொன்னார்.

பெரியவர்களுக்கான எடைக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற அட்டவணை இருக்கிறது. அதை வைத்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இடுப்பளவு அதன் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் அதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். தூக்கத்தில் பலமான குறட்டை, முழங்கால் வலி, பெண் பிள்ளைக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை இருந்தாலும் காட்டுங்கள். பிள்ளை எப்போதும் சோர்ந்திருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், வாழ்வே பிடிக்கவில்லை என்பது போலப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் எந்த அவமானமும் இல்லை. எடை குறைக்கும் பவுடர், லேகியம், விளம்பரத்தில் வரும் மாத்திரை ஆகியவற்றைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பிறகு மருத்துவர் சொன்ன ஒரு சொல் எனக்கு மறக்காது: "பையனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வேண்டாம். உங்க வீட்டுச் சாப்பாட்டை மாத்துங்க." அவனுக்குச் சப்பாத்தி, மற்றவர்களுக்குப் பிரியாணி என்றால் அது அவனுக்குத் தண்டனை. ஆகவே எல்லோருமே மாறினோம். இரவுப் பார்சலை நிறுத்தினேன். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வாரத்தில் நான்கு நாள் எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு ஒரே தட்டில் சாப்பிடத் தொடங்கினேன். பாட்டில் பானம் வீட்டுக்குள் வருவதில்லை. மோர், எலுமிச்சைச் சாறு, தண்ணீர். பிரியாணி உண்டு, வெள்ளிக்கிழமை மட்டும். நோன்புக் காலத்தில் கஞ்சி உண்டு. வடையும் சமோசாவும் மலை போலக் குவிவதில்லை. காலையில் நானும் அவனும் நடக்கிறோம். ஐம்பது வயதில் முதலில் மூச்சு வாங்கியது எனக்குத்தான்!

எல்லாவற்றுக்கும் மேலாக, "குண்டா" என்ற சொல் எங்கள் வீட்டிலும் கடையிலும் நின்றது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மகனிடம் தகப்பன் மன்னிப்புக் கேட்பதா என்று யோசிக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். என் கௌரவம் எதுவும் குறையவில்லை.

இரண்டு ஆண்டுகளில் அவன் ஒல்லிப் பிள்ளை ஆகிவிடவில்லை. இன்றும் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருக்கிறான். ஆனால் எடை ஏறும் வேகம் நின்றது, உயரம் கூடியது. வயிற்று வலி போனது. மாலையில் கிரிக்கெட் விளையாடுகிறான், விக்கெட் கீப்பர். எனக்கு அது போதும்.

ஊரும் மாறலாம்

ஒரு வீடு மாறலாம், ஓர் ஊரே மாறுமா என்று கேட்கலாம். நெதர்லாந்தின் தலைநகர் ஆம்ஸ்டர்டாமில் 2012-இல் ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு அதிக எடை இருந்தது. துருக்கி, மொராக்கோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களிலும் ஏழைக் குடியிருப்புகளிலும் இது அதிகமாகக் காணப்பட்டது. நகராட்சி பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கு இனிப்புப் பானம் கொண்டு வருவதை நிறுத்தித் தண்ணீரைப் பழக்கினார்கள். விளையாட இடம் செய்தார்கள். உணவு, ஓட்டம், உறக்கம் மூன்றையும் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2012-இல் 21 சதவீதமாக இருந்தது 2015-இல் 18.5 சதவீதமாகக் குறைந்தது. பெரிய அற்புதம் இல்லைதான். ஆனால் ஏறிக்கொண்டே போனதை இறக்கிக் காட்டினார்கள்.

வளைகுடாவில் இருக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த உரை அச்சாகி உங்கள் கைக்கு வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும்போது பெட்டி நிறைய சாக்லேட் கொண்டு வருகிறீர்கள். உங்கள் ஏக்கம் எங்களுக்குத் தெரியும். ஆனால் வீடியோ காலில் பிள்ளையைப் பார்த்ததும், "என்னடா இப்படி ஊதிட்டே?" என்று சிரிக்காதீர்கள். இன்று யாரோடு விளையாடினாய், பள்ளியில் யார் உன் தோழன் என்று கேளுங்கள். அடுத்த முறை பெட்டியில் ஒரு பந்தும் ஒரு ஸ்கிப்பிங் கயிறும் இருக்கட்டும்.

இளைஞர்களே! உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு. உங்கள் தெரு கிரிக்கெட்டில் டீம் பிரிக்கும்போது கடைசியாக நிற்கும் அந்தப் பருத்த பையனை முதலில் கூப்பிடுங்கள். ஓட முடியாது என்று ஒதுக்காதீர்கள். நாலு நாள் விளையாடினால்தானே ஓட்டம் வரும்? இரண்டாவது, உங்கள் நண்பர் கூட்டத்தில் உடம்பைச் சொல்லி வைத்த பட்டப்பெயர் எதுவாக இருந்தாலும் இன்றோடு அதைக் கைவிட்டு, அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாய்ப் பார்த்துப் பார்த்து வைத்த அழகான பெயர் அவனுக்கு இருக்கிறது.

வணிகப் பெருமக்களே! கூட்டம் முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்பாதீர்கள், தூங்கட்டும். நாளை ஒருநாள் கடையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். கையில் பார்சல் இல்லாமல் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.